ரோடா கம்பெனி மவுசர்னு சொல்லி விக்கிறாங்க, வாங்கலாமா?

வாசகர் கேள்வி: வணக்கம் சார். எனக்கு ஊர் கோவை, இப்ப குடும்பத்தோட டெக்சஸ்ல இருக்கோம், க்ரீன் கார்டு வந்தாச்சு. 1900க்கு முன்ன பின்ன வந்த ஆரம்பகால செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் மேல எனக்கு ரொம்ப நாளா ஒரு பைத்தியம், படிச்சிட்டே இருப்பேன், ஆனா இன்னும் ஒண்ணு கூட வாங்கல. இப்ப பக்கத்து ஊர்ல ஒருத்தர் மவுசர் சி96ங்கற பழைய ஜெர்மன் பிஸ்டல் ஒண்ணு விக்கிறார். கோன் ஹாமர் (சுத்தியல்ல கூம்பு மாதிரி கடைஞ்ச ஆரம்பகால வகை), 1898ல செஞ்சதுன்னு சொல்றார், மர ஸ்டாக்கோட (தோள்ல வெச்சுக்க பின்னாடி மாட்ற கட்டை) சேத்து 9,500 டாலர். புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. நான் இந்தியன்னு தெரிஞ்சதும், 1914ல கல்கத்தால துப்பாக்கி விக்கற ரோடா கம்பெனில இருந்து புரட்சிக்காரங்க கொண்டு போன 50 மவுசர்ல இதுவும் ஒண்ணுன்னு சொன்னார். வாங்கலாமா? சுட்டுப் பார்க்கலாமா? போர்ச்சார்ட் சி93ங்கற 1893 ஜெர்மன் பிஸ்டல் வாங்கணும்ங்கறது என் கனவு, அதுக்கு இது நல்ல ஆரம்பமா? பின்னாடி ஊருக்கே திரும்பினா கொண்டு போக முடியுமா? பசங்க இருக்கற வீடுன்னு மனைவிக்கு இதுல இஷ்டம் இல்ல, அதையும் சொல்லிடறேன்.

பதில்: வணக்கம் சார். முதல்ல அட்வான்ஸ் எதுவும் குடுக்காதீங்க, குடுக்கறதா வாக்கும் குடுத்துடாதீங்க. ஏலத்துக்கு வர்ற பழைய கைத்துப்பாக்கிகளை பிரிச்சுப் பார்த்து எது ஒரிஜினல், எது பின்னாடி மாத்தினதுன்னு எழுதிக் குடுக்கறதுதான் என் தொழில். உங்க லெட்டரைப் படிச்சதும் ரெண்டு விஷயம் உறுத்துச்சு, ஒண்ணு அந்த பளபளப்பு, இன்னொண்ணு அந்தக் கதை.

கதையை முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா உங்க மனசை இழுக்கறது அதுதான்னு தெரியுது, நம்மாளுங்க யாரா இருந்தாலும் இழுக்கத்தான் செய்யும். 1914 ஆகஸ்ட் 26, புதன்கிழமை. ரோடா கம்பெனில சரக்கை கஸ்டம்ஸ்ல இருந்து எடுத்துட்டு வர்ற வேலை ஶ்ரீஷ் சந்திர மித்ராங்கற கிளார்க்கோடது. அன்னைக்கு அவர் எடுத்தது 202 பெட்டி, வான்சிட்டார்ட் ரோங்கற தெருவுல இருந்த கம்பெனி குடோனுக்கு வந்து சேர்ந்தது 192தான். மிச்சத்தை கொண்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போனவர் போனவர்தான். அந்த பத்து பெட்டிலதான் 50 மவுசர் பிஸ்டலும் 46,000 தோட்டாவும் இருந்துச்சு. போலீசுக்கு தகவல் போகவே மூணு நாள் ஆயிடுச்சு, அதுக்குள்ள சரக்கு கைமாறிடுச்சு. 44 பிஸ்டல் வங்காளத்துல ஒன்பது குழுக்களுக்கு பிரிஞ்சு போச்சுன்னு புரட்சிக்காரங்களைப் பத்தி விசாரிக்க பிரிட்டிஷ் அரசு போட்ட ரௌலட் கமிட்டியோட 1918 ரிப்போர்ட்லயே எழுதியிருக்கு. 1915 செப்டம்பர்ல ஒடிசா பாலாசோர் பக்கத்துல வங்கப் புரட்சித் தலைவர் பாகா ஜதினும் அவர் ஆளுங்களும் கடைசியா நின்னு சண்டை போட்டப்ப அவங்க கையில இருந்ததும் மவுசர்தான். நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு சொல்ல வேண்டிய வரலாறு சார் இது, அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

ஆனா அதே ரிப்போர்ட்ல இன்னொரு விவரமும் இருக்கு, வாங்கறவங்க அதைக் கவனிக்கறதில்ல. அந்த 50 பிஸ்டலுக்கும் தனித்தனி நம்பர் இருந்துச்சு, அந்த நம்பரெல்லாம் ரோடா கம்பெனி கணக்குல பதிவாகியிருந்துச்சு. பின்னாடி ஒவ்வொரு கேஸ்லயும் பிடிபட்ட பிஸ்டல் ரோடா சரக்குதானான்னு போலீஸ் பார்த்துச் சொன்னதும் அதை வெச்சுதான், அந்த ரிப்போர்ட் வர்றதுக்குள்ள 31 திரும்பக் கிடைச்சிடுச்சு. அப்போ ஒருத்தர் வந்து இது ரோடா மவுசர்னு சொன்னா நாம கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், இந்த சீரியல் நம்பர் அந்தக் கணக்குல இருக்குன்னு காட்ற காகிதம் எங்க? எங்க தாத்தா கல்கத்தால வேலை பார்த்தாரு, அவர்கிட்ட ஒரு சாஹிப் குடுத்தாருங்கறதெல்லாம் காகிதம் ஆகாது. அதை டைப் பண்ணி கையெழுத்துப் போட்டு நோட்டரி முத்திரை வாங்கிட்டு வந்தாலும் ஆகாது, அவர் அப்படிச் சொன்னாருங்கறதுக்கு மட்டும்தான் அந்த முத்திரை சாட்சி.

உங்க விஷயத்துல காகிதம் வரைக்கும் கூட போக வேண்டாம், துப்பாக்கியே பதில் சொல்லிடுது. கோன் ஹாமர்ங்கறது சி96 வந்த புதுசுல, 1896ல இருந்து 1899 வாக்கு வரைக்கும் வந்த அமைப்பு, ஹாமரோட ரெண்டு பக்கமும் வட்டத்துக்குள்ள வட்டமா படிப்படியா கூம்பு மாதிரி கடைஞ்சிருப்பாங்க. அப்புறம் பெரிய வளையம் வெச்ச ஹாமர் வந்துச்சு, அதுக்கப்புறம் சின்ன வளையம். 1914ல ஜெர்மனில இருந்து கல்கத்தாவுக்கு வியாபாரத்துக்கு வந்து இறங்கின புது சரக்குல பதினைஞ்சு வருஷம் முன்னாடி நிறுத்தின கோன் ஹாமர் எப்படி சார் வரும்? அந்த வருஷத்து சரக்குன்னா சின்ன வளைய ஹாமர்தான் இருக்கணும். விக்கிறவர் ஒரே மூச்சுல ரெண்டு சொல்றார், 1898 கோன் ஹாமர்ங்கறார், 1914 ரோடா சரக்குங்கறார், ரெண்டும் ஒண்ணா நிக்காது. நீங்க இந்தியன்னு தெரிஞ்சதும்தான் அந்தக் கதை வந்திருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. வெள்ளைக்காரர் வந்திருந்தா சர்ச்சில் கதை வந்திருக்கும், 1898 செப்டம்பர் 2ஆம் தேதி சூடான்ல ஓம்துர்மான் சண்டைல சர்ச்சில் கையில மவுசர்தான் இருந்துச்சு, பம்பாய் சசூன் டாக்ல படகுல இருந்து இறங்கறப்ப தோள்பட்டை விலகி அதுல இருந்து வாள் வீச முடியாமப் போனதால பிஸ்டல் எடுத்தாரு, அது நிஜம். அதுக்காக அந்த வருஷத்து மவுசரெல்லாம் சர்ச்சில் பக்கத்துல நின்னதாயிடுமா?

அதனால கதைக்கு ஒரு டாலர் கூட விலை வைக்காதீங்க. இரும்புக்கும் மரத்துக்கும் நம்பருக்கும் மட்டும் விலை பேசுங்க.

இப்ப அந்த பளபளப்புக்கு வரேன். நேர்ல போறப்ப ஒரு நல்ல டார்ச், ஒரு லூப் (பூதக்கண்ணாடி), ஒரு ஜோடி கையுறை எடுத்துட்டுப் போங்க. நூத்தி இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆன துப்பாக்கி புதுசா மின்னலாம், அப்படி அபூர்வமா பெட்டிக்குள்ளயே தூங்கினதும் உண்டு, ஆனா பத்துக்கு ஒம்போது யாரோ பாலிஷ் போட்டு ரீ-ப்ளூ பண்ணதா, அதாவது இரும்பு மேல இருக்கற நீலப் பூச்சை புதுசா ஏத்தினதா இருக்கும்னு நினைச்சுக்கிட்டே பாருங்க. அந்தக் காலத்து ஜெர்மன் நீலம் துருவை மெல்ல மெல்ல ஏத்தி, தேய்ச்சு, திரும்ப ஏத்தி வர வெச்சது, ஆழமா அமைதியா இருக்கும். இப்ப உப்புத் தொட்டில முக்கி எடுக்கற நீலம் கறுப்பா கண்ணாடி மாதிரி இருக்கும், சில இரும்புல லேசா செவப்பு, ஊதா அடிக்கும். நிறம் பார்த்து சொல்றதுக்கு கண்ணு பழகணும், ஆனா விளிம்பு பார்க்க பழக்கம் வேண்டாம். மவுசர் ஃபேக்டரில கடைசல் வேலை அவ்வளவு கூர்மை, சி96ல ஒவ்வொரு முனையும் விரலை ஓட்டினா தட்டுப்படணும். பாலிஷ் சக்கரத்துல குடுத்திருந்தா முனையெல்லாம் மழுங்கியிருக்கும், எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாவும் இன்னொரு பக்கம் தேஞ்சும் இருக்கும், ஓட்டையோட விளிம்பெல்லாம் தட்டு மாதிரி உள்வாங்கியிருக்கும். டார்ச்சை சாய்ச்சுப் பிடிச்சா நீலத்துக்கு அடியில பழைய துருக்குழி தெரியும், குழிக்குள்ளயும் நீலம் ஏறியிருந்தா முடிஞ்சது கதை, முதல்ல துரு வந்துச்சு, அப்புறம் நீலம் வந்துச்சுன்னு அதுவே சொல்லிடுது.

கிரிப் மரத்தையும் விடாதீங்க. சி96 கிரிப்ல கிடைமட்டமா வரிவரியா செதுக்கியிருப்பாங்க, அந்த வரிகளோட மேடு கூரா இருக்கணும், மரம் இரும்பை விட ஒரு நூல் மேல நிக்கணும். சாண்ட் பேப்பர் போட்டிருந்தா மரம் இரும்புக்குக் கீழ இறங்கியிருக்கும், வரியெல்லாம் மொழுமொழுன்னு இருக்கும். ஸ்டாக்கும் அப்படித்தான், அது உறையும் அதுவே கட்டையும் அதுவே, பிஸ்டலை உள்ள வெக்கலாம், வெளிய எடுத்து பின்னாடி மாட்டினா ரைஃபிள் மாதிரி தோள்ல வெச்சுக்கலாம். நம்பர் பொருந்துதான்னு பாருங்க, பொருந்தலன்னா அது எங்கிருந்தோ வந்த ஸ்டாக், புதுசா செஞ்சதும் சந்தைல நிறைய.

அடுத்தது நம்பர். சி96ல பின்னாடி ஸ்டாக் மாட்ற இடத்துக்கு மேலயும், இடது பக்கம் சேம்பர் (தோட்டா உக்கார்ற அறை) கிட்டயும் முழு சீரியல் நம்பர் இருக்கும், உள்ள இருக்கற பார்ட்ஸ்ல அதோட கடைசி இலக்கங்கள் இருக்கும். அதனால பிரிச்சுப் பார்க்காம வாங்கவே கூடாது. சி96ஐ பிரிச்சவங்களுக்குத் தெரியும், அது ஒரு தனி சந்தோஷம். கிரிப்பைப் பிடிச்சிருக்கற ஒத்தை ஸ்க்ரூவைத் தவிர அந்த துப்பாக்கில வேற ஸ்க்ரூவே கிடையாது, பின்னும் கிடையாது, ஒவ்வொரு பார்ட்டும் பக்கத்து பார்ட்டை பூட்டி நிக்குது. ஃபீடர்லே அண்ணன் தம்பிங்க மூணு பேர் மவுசர் ஃபேக்டரில யோசிச்சு செஞ்சது, பேரு மட்டும் முதலாளி பேராயிடுச்சு. மேகசின் அடித்தகடை கழட்டிட்டு, ஹாமரை ஏத்தி வெச்சு, பின்பக்கத்துல இருக்கற சின்ன பிடிப்பை அமுக்கிட்டு மேல் பாகத்தை பின்னால இழுத்தா, பேரலோட சேந்து உள்ள இருக்கற மெஷின் மொத்தமா ஒரே துண்டா வழுக்கிட்டு வரும். விக்கிறவர் பிரிச்சுக் காட்டட்டும், நீங்க கை வைக்க வேண்டாம். ஹாமர்ல இருக்கற நம்பரும் ஃப்ரேம் நம்பரும் ஒண்ணான்னு லூப் வெச்சுப் பாருங்க, ஏன்னா கோன் ஹாமருக்கு விலை அதிகம்ங்கறதால ஹாமரை மட்டும் மாத்திப் போட்ட துப்பாக்கி வந்துட்டேதான் இருக்கு. 1980கள்ல சீனால இருந்து அமெரிக்காவுக்கு மவுசர் மூட்டை மூட்டையா வந்துச்சு, ரொம்ப தேஞ்சு போனது, அதையெல்லாம் புது பேரல் போட்டு, கலவையா பார்ட்ஸ் சேத்து, நீலம் முக்கி வித்தாங்க. அப்படி வந்ததுல பெரும்பாலும் இறக்குமதி பண்ண கம்பெனி பேரு எங்கயாவது பொடி எழுத்துல இருக்கும், இல்ல அந்த இடத்துல அராவி எடுத்த தடம் இருக்கும்.

விலை பத்தி என் கருத்து இது: யாரும் கை வைக்காத கோன் ஹாமர், எல்லா நம்பரும் பொருந்தி, ஸ்டாக்கும் பொருந்தினா நீங்க சொன்ன தொகைக்கு உக்காந்து பேசலாம். ரீ-ப்ளூ ஆனதுன்னா அதுல பாதிக்கும் கீழதான் நான் எழுதுவேன். ஒரு தடவை தேய்ச்சுட்டா தேய்ச்சதுதான், திரும்ப கொண்டு வர உலகத்துல யாராலயும் முடியாது. இதை நான் இவ்வளவு கோபமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு, நல்ல துப்பாக்கியை அழகு பண்றேன்னு கெடுத்து எடுத்துட்டு வர்றவங்களை அடிக்கடி பார்க்கறேன், அவங்க முகத்துல அந்த விலையைச் சொல்றது கஷ்டமான வேலை.

1898ங்கற வருஷத்தை விக்கிறவர் அழுத்திச் சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. 1968 அமெரிக்க துப்பாக்கிச் சட்டப்படி 1898லயோ அதுக்கு முன்னாலயோ செஞ்சது ஆன்டிக் கணக்கு, டீலர் வழியா போற ஃபார்ம் எல்லாம் வேண்டாம். 1899ல செஞ்சதுன்னா அது சாதாரண துப்பாக்கி, வயசைப் பொறுத்து க்யூரியோ அண்ட் ரெலிக் (சேகரிக்கற பழைய துப்பாக்கி) கணக்குல வரும், அவ்வளவுதான். அதனால எல்லாருக்கும் தன் துப்பாக்கி 1898தான். ஆன்டிக்னு வாங்கறதா இருந்தா சீரியல் நம்பரை வெச்சு அந்த வருஷத்தை எழுத்துல உறுதி பண்ணச் சொல்லுங்க. இதுல கோல்ட் துப்பாக்கி வாங்கறவங்க ஏமாறுற ஒரு இடம் இருக்கு, பழைய கோல்ட் ஆட்டோமேட்டிக் ஸ்லைடுல ஏப்ரல் 20, 1897ன்னு அடிச்சிருக்கும், அது அதை வடிவமைச்ச ஜான் பிரௌனிங்குக்கு பேடன்ட் கிடைச்ச தேதி, செஞ்ச தேதி இல்ல. கோல்ட்டோட முதல் ஆட்டோமேட்டிக்கே 1900 மாடல்தான், அதனால கோல்ட் ஆட்டோமேட்டிக் எதுவுமே அந்த ஆன்டிக் கணக்குல வராது. உங்களுக்கு க்ரீன் கார்டு இருக்கு, பிரச்சனை இல்ல. இதைப் படிக்கற எச்1பி விசாக்காரங்க கவனிங்க, சில விதிவிலக்கு தவிர உங்க விசால துப்பாக்கி வெச்சிருக்கவே கூடாது, வக்கீல்கிட்ட கேக்காம ஒரு அடி எடுத்து வெக்காதீங்க.

ஸ்டாக்கை பிஸ்டல்ல மாட்டறது தனி சட்டம். 1934 சட்டப்படி ஸ்டாக் மாட்டின பிஸ்டல் குட்டை பேரல் ரைஃபிள் ஆயிடும், அதுக்குப் பதிவு வேணும். பழைய மவுசர், லூகர் மாதிரி சில மாடலுக்கு அந்தக் காலத்து ஸ்டாக்கோட விலக்கு குடுத்திருக்காங்க, எது எதுக்குன்னு துப்பாக்கி விஷயத்தைப் பார்க்கற அமெரிக்க அரசுத் துறையான ஏடிஎஃப் லிஸ்ட்ல மாடல் பேரோட இருக்கு, அதைப் பார்த்துட்டு மாட்டுங்க. சேகரிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா க்யூரியோ அண்ட் ரெலிக் லைசென்ஸ் எடுத்துடுங்க, மூணு வருஷத்துக்கு 30 டாலர்தான், வேற மாநிலத்துல இருந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆன ஒரிஜினல் துப்பாக்கி நேரா உங்க அட்ரஸுக்கே வரும்.

சுட்டுப் பார்க்கறதுக்கு என் பதில் வேண்டாம்ங்கறதுதான். எல்லா நம்பரும் பொருந்தற துப்பாக்கில ஒரு எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட தோட்டாக் கூட்டை வெளிய இழுக்கற கொக்கி) உடைஞ்சா அந்த நம்பர் போட்ட எக்ஸ்ட்ராக்டர் இன்னொண்ணு எங்கயும் கிடையாது. அதைவிட உயிர் முக்கியம். சி96க்கு 7.63 மவுசர் தோட்டா. அதே சைஸ்ல சோவியத் டோகரேவ் தோட்டா 7.62 சந்தைல சல்லிசா கிடைக்கும், சேம்பருக்குள்ள அழகா போய் உக்காரும், ஆனா அதோட வேகமும் அழுத்தமும் அதிகம். சி96ல போல்ட் (சேம்பரை பின்னால இருந்து மூடற இரும்பு) பின்னால வந்து நிக்கறது ஒரு சின்ன இரும்புத் துண்டை நம்பித்தான், அது உடைஞ்சா போல்ட் நேரா சுடறவர் முகத்துக்கு. போர்ச்சார்ட்லயும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கு, அதோட 7.65 தோட்டாவும் மவுசர் 7.63ம் அளவுல கிட்டத்தட்ட ஒண்ணு, மவுசருக்கு காரம் ஜாஸ்தி. இத்தாலியோட கிளிசென்டி 1910ல சாதாரண 9 எம்எம் பாராபெல்லம் உள்ள போகும், அந்தத் துப்பாக்கி அதைத் தாங்கற மாதிரி செஞ்சது இல்ல. உள்ள போகுதேங்கறதை நம்பி இந்தக் காலத்து ஆரம்ப துப்பாக்கில எந்தத் தோட்டாவும் போடாதீங்க சார். சுடற ஆசை இருந்தா அதுக்குன்னு தேஞ்சுபோன, நம்பர் கலந்த ஒரு மவுசரை வாங்கி, விவரம் தெரிஞ்ச கன்ஸ்மித்கிட்ட குடுத்து ஸ்ப்ரிங் எல்லாம் மாத்தி, அவர் சரின்னு சொன்னா சுடுங்க.

போர்ச்சார்ட் கனவு. உங்க ரசனையை நான் மெச்சறேன். 1893ல ஹியூகோ போர்ச்சார்ட் செஞ்சது, பெர்லின்ல லுட்விக் லோவே கம்பெனில ஆரம்பிச்சு பின்னாடி டிடபிள்யூஎம் பேர்ல வந்துச்சு, மொத்தமே சுமார் 3,000தான். மனுஷன் மக்டெபர்க்ல பிறந்து, அமெரிக்கால ஷார்ப்ஸ், வின்செஸ்டர்னு வேலை பார்த்து, புடாபெஸ்ட் போய் அப்புறம் பெர்லின் வந்தவர். மேக்சிம் மெஷின் கன்ல இருந்த, முழங்கால் மாதிரி மடங்கற பூட்டை கைத்துப்பாக்கிக்குள்ள கொண்டு வந்தாரு, எட்டு தோட்டா மேகசினை கிரிப்புக்குள்ளயே வெச்சாரு, இன்னைக்கு வரைக்கும் எல்லா பிஸ்டலும் அப்படித்தானே இருக்கு. ஆனா சுட்டதும் பின்னால போற பாகத்தை திரும்ப முன்னால தள்ளற ரிகாயில் ஸ்ப்ரிங்கை கடிகார ஸ்ப்ரிங் மாதிரி சுருட்டி பின்பக்கம் ஒரு உருண்டைக்குள்ள வெச்சதால கை மேல பாரம் பின்னால இழுக்கும், பிடிச்சுப் பார்த்தாதான் புரியும், ஸ்டாக் மாட்டாம அது ஒரு கைக்கு அடங்காது. அதைச் சரி பண்ணி ஸ்ப்ரிங்கை கிரிப்புக்குள்ள கொண்டு போனதுதான் ஜார்ஜ் லூகர் பண்ண வேலை, 1900ல சுவிஸ் ராணுவம் அதை எடுத்துக்கிச்சு. போர்ச்சார்ட் பெட்டியோட முழு செட்டா வந்தா ஸ்டாக், தோல் உறை, கன்னத்துக்கு வெக்கற கட்டை, நம்பர் போட்ட மேகசின்கள், மரத்துல செஞ்ச டம்மி மேகசின், டூல்ஸ்னு எல்லாம் இருக்கணும், விலை பல பத்தாயிரம் டாலர். அந்தச் சந்தைல கண்ணு பழகாம இறங்கினா ஒரு தப்பான மேகசினுக்கே ஆயிரக்கணக்குல போயிடும். அதனால கனவை விடாதீங்க, ஆனா அஞ்சாறு துப்பாக்கி உங்க கையில பழகட்டும்.

அந்த அஞ்சாறுக்கு என் சாய்ஸ் சொல்றேன். முதல்ல பெல்ஜியத்து எஃப்என் கம்பெனி செஞ்ச பிரௌனிங் 1900. ஏழு லட்சத்துக்கும் மேல செஞ்சதால அரிதுன்னு சொல்ல முடியாது, சில நூறு டாலர்ல இருந்து நல்லதாவே கிடைக்கும், ஆனா ஸ்லைடு வெச்ச பிஸ்டல்ல வியாபாரத்துல முதல்ல ஜெயிச்சது இதுதான். பேரலுக்கு மேல இருக்கற ஒரே ஸ்ப்ரிங்தான் ஸ்லைடை முன்னால தள்ளுறதும், தோட்டாவைத் தட்டற ஸ்ட்ரைக்கருக்கு வேகம் குடுக்கறதும், ஒரு ஸ்ப்ரிங்கை வெச்சு ரெண்டு வேலை வாங்கியிருக்கார் பிரௌனிங். 1909ல ஹார்பின் ஸ்டேஷன்ல கொரியாவோட ஆன் ஜங்குன் ஜப்பானோட இட்டோ ஹிரோபூமியை சுட்டது இந்த மாடல்லதான், பின்னாடி வட கொரியா இதையே காப்பி அடிச்சு டைப் 64ன்னு செஞ்சாங்க. நம்ம வரலாற்றோட ஒட்டுன துப்பாக்கி வேணும்னு ஏங்கறீங்களே, மணியாச்சில 1911 ஜூன் 17ஆம் தேதி வாஞ்சிநாதன் கையில இருந்ததும் பெல்ஜியத்துல செஞ்ச ஒரு பிரௌனிங்தான். அவர் கையில இருந்ததேன்னு யாராவது விக்க வந்தா துரத்தி விடுங்க, ஆனா அந்த ஃபேக்டரில அந்தக் காலத்துல செஞ்ச ஒரு பிஸ்டலை நேர்மையான விலைக்கு வாங்கி, அந்தக் காலத்துப் பையன் சட்டைக்குள்ள இவ்வளவு சின்னதை எப்படி மறைச்சிருப்பான்னு கையில வெச்சுப் பார்க்கறதுல ஒரு பொய்யும் இல்ல.

அடுத்து ஆஸ்திரிய குதிரைப்படையோட ரோத்-ஸ்டெயர் 1907. பெரிய நாட்டு ராணுவம் ஒண்ணு எடுத்துக்கிட்ட முதல் செமி ஆட்டோமேட்டிக்ல இதைச் சொல்லுவாங்க. கிரிப்ல ஒரு பித்தளை வட்டம் பதிச்சு அதுல ரெஜிமென்ட் குறி அடிச்சிருப்பாங்க, குறியைப் படிச்சா எந்தப் படைல இருந்துச்சுன்னு தெரியும். இதுதான் சார் நம்பத்தக்க வரலாறு, யாரும் வாயால சொல்ல வேண்டாம், துப்பாக்கி மேலயே எழுதியிருக்கு. அதுக்கப்புறம் மான்லிக்கர் 1905, அர்ஜென்டினா ராணுவத்துக்குப் போனது, அழகுல எனக்கு இதுக்கு மேல ஒரு பிஸ்டல் கிடையாது. அமெரிக்காவுக்கு வித்தப்ப பக்கவாட்டுல இருந்த அர்ஜென்டினா சின்னத்தை அராவி எடுத்துட்டாங்க, அதனால சின்னம் அழியாதது கிடைச்சா விலை கூட இருந்தாலும் அதையே எடுங்க. கோல்ட் 1900 வாங்கற யோகம் வந்தா குறி பார்க்கற பின்பக்க சைட்டைப் பாருங்க, முதல்ல அந்த சைட்டே சேஃப்டியா வேலை செஞ்சுது, கீழ அமுக்கினா ஃபயரிங் பின்னை பூட்டிடும், பின்னாடி நிறைய துப்பாக்கில ஃபேக்டரியே அதை மாத்திடுச்சு. அப்படி ஃபேக்டரி மாத்தினதும் வரலாறுதான், வீட்டு ஷெட்ல யாரோ மாத்தினதும் அதுவும் ஒண்ணு இல்ல. கோல்ட்டுக்கு ஒரு வசதி என்னன்னா, அவங்க ஆவணக் காப்பகத்துல பணம் கட்டி கேட்டா அந்த நம்பர் எந்த தேதி யாருக்கு அனுப்பினதுன்னு லெட்டர் குடுப்பாங்க.

பராமரிப்பு ரொம்ப சிம்பிள். தோல் உறைக்குள்ள வெச்சு பூட்டி வைக்காதீங்க, தோலுக்குள்ள இருக்கற ஈரமும் பதனிட்ட ரசாயனமும் இரும்பை தின்னுடும். வெறுங்கையால தொட்டா துடைச்சு வைங்க, ரெனசான்ஸ் வாக்ஸ் மெல்லிசா ஒரு பூச்சு போதும். ஸ்க்ரூ தலைக்கு கச்சிதமா பொருந்தற ஸ்க்ரூ டிரைவர் இல்லாம எதையும் கழட்டாதீங்க.

உங்க மனைவி சொல்றது நியாயம் சார், அதுல சமாதானம் சொல்ல வேண்டாம். முதல் செலவு துப்பாக்கிக்கு இல்ல, தரையோட போல்ட் போட்டு இறுக்கின நல்ல சேஃபுக்கு. இந்த துப்பாக்கிக்கெல்லாம் தோட்டாவே வீட்டுக்குள்ள வர வேண்டாம், சேகரிக்கறவருக்கு அது தேவையும் இல்ல. ஆன்டிக்னு சட்டம் சொன்னாலும் அது சுடும், பசங்களுக்கு அதுல வித்தியாசம் தெரியாது. சேஃப் நம்பர் உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரியட்டும், அவங்க சரின்னு சொன்ன பிறகு வாங்குங்க.

கோவைக்கு கொண்டு போறது: அதை மனசுல வெச்சு எதையும் வாங்காதீங்க. அமெரிக்காவோட 1898 கணக்கு இந்தியால செல்லாது. 1959 ஆயுதச் சட்டத்துல பழங்கால ஆயுதத்துக்கு விலக்கு இருக்கு, ஆனா ரிப்பேர் பண்ணாலும் பண்ணாட்டியும் சுட முடியாத நிலைல இருந்தாதான் அது. ஃபயரிங் பின்னை கழட்டிட்டா போதும்னு சிலர் சொல்லுவாங்க, போதாது, திரும்ப மாட்ட முடியுமே. சுடற நிலைல இருக்கற சி96க்கு லைசென்ஸ் வேணும், 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான், 9 எம்எம் மாதிரி தடை பண்ண குழாய் அளவுன்னா இன்னும் சிக்கல், இறக்குமதிக்கு கஸ்டம்ஸ் விதி வேற, இங்க ஏற்றுமதி விதி வேற. லைசென்ஸுக்காக பேரலை அடைச்சு பிஸ்டலைக் கெடுத்து எடுத்துட்டுப் போறதை விட, ஊருக்குப் போற வருஷம் இங்கயே நல்ல கைக்கு வித்துட்டுப் போங்க. நேர்மையான துப்பாக்கிக்கு எப்பவும் ஆள் இருக்கு.

இப்ப அந்த மவுசர் விஷயத்துல உடனே செய்ய வேண்டியது. விக்கிறவர்கிட்ட கேட்டு இந்த ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க: பின்பக்க ஃப்ரேம் நம்பர், சேம்பர் நம்பர், ஹாமர் ரெண்டு பக்கமும், கழட்டின போல்ட்டும் உள் மெஷினும் நம்பர் தெரியற மாதிரி, ஸ்டாக் நம்பர், கிரிப்பும் இரும்பும் சேர்ற விளிம்பு கிட்டத்துல, அப்புறம் வெளிச்சத்தை சாய்ச்சுப் பிடிச்சு பேரல் முழுசும். ஃப்ளாஷ் போடாம, ஜன்னல் வெளிச்சத்துல எடுக்கச் சொல்லுங்க. பிரிச்சுக் காட்ட மாட்டேன்னு சொன்னாருன்னா ஃபோட்டோவே வேண்டாம், தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துடுங்க.